சட்டக் கல்லூரியில் ஓர் இடம்

சட்டம் பயில்வோர் யாவரும் சட்ட விதிகளை நெட்டுருச் செய்வோரே என்று கருதுவார் பலர். அமெரிக்க நாட்டுப் பெரும் பல்கலைக்கழகங்களில் சட்டக் கல்வி நடைபெறும் முறையை அறிந்தவர் அங்ஙனம் கூறார். ஆங்கு மாணவன் கையிற் கொடுக்கப்பெறுவது விதிகளின் தொகுப்பு அன்று, வழக்குகளின் தொகுப்பு. முன்னாளில் இருவர் ஏதோ ஒரு பொருள்பற்றிப் பிணங்கினர், நீதிமன்றம் ஏறினர், நீதிபதி ஒருவர் பக்கம் தீர்ப்பளித்து, அதற்குரிய காரணத்தையும் எழுதிவைத்தார். அத் தீர்ப்பைப் படித்து, அதனுள் மறைந்து கிடக்கும் விதியைத் தானே தேடிக் காணுதல் மாணவனது கடமை.

இம் முறைக்கு வித்திட்டவர் கிறிஸ்டபர் கொலம்பஸ் லாங்டெல் என்பவர். மாசச்சூசெட்ஸ் மாநிலத்துக் கேம்பிரிட்ஜ் நகரில் ஹார்வர்டு பல்கலைக்கழகச் சட்டக் கல்லூரி 1817-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்றது. அதற்கு 1870-ஆம் ஆண்டில் லாங்டெல் தலைவரானார். அதுகாறும் ஆசிரியர் சட்ட நூலைப் பார்த்து விளக்கவுரை கூறுவார். மாணவர் கேட்டு எழுதிக்கொள்வர். புதிய தலைவரோ வகுப்பினுட் புகுந்ததும் உரை நிகழ்த்தவில்லை. ஒரு மாணவரை நோக்கி, பேன் என்பவர்க்கும் கேவ் என்பவர்க்கும் நடந்த வழக்கின் செய்தியை எடுத்துரைக்குமாறு பணித்தார்.

அவ் வழக்கு இங்கிலாந்தில் 1789-ஆம் ஆண்டில் நிகழ்ந்தது. வாலை வடிக்கும் கலங்கள் சில ஏலத்துக்கு வந்தன. கேவ் 40 பவுன் கேட்டார். அதற்கு மேற்கேட்பார் இலர். ஆயினும் ஏலமிடுவோர் சுத்தியலைத் தட்டாது காலந் தாழ்த்தினார். கலம் மிகுந்த எடையுடையது, இன்னும் கூடுதலான விலை பெறும் என்றார். அவ்வெடைக்கு உறுதி கூறுவீரா என்று கேவ் வினவ, உறுதி கூற இயலாது என்று விடை வந்தது. அங்ஙனமாயின் எனக்குப் பொருள் வேண்டா என்று அவர் விலகிக்கொண்டார். பின்னர் அப் பொருள் 30 பவுனுக்கே விலைபோயிற்று. குறைந்த 10 பவுனைக் கேவ் கொடுத்தல் வேண்டும் என்று வழக்குத் தொடுக்கப்பெற்றது. நீதிமன்றம் கேவின் பக்கமே தீர்ப்பளித்தது. ஏலத்தில் விலை கேட்பது, வாங்க விரும்புகிறேன் என்று தெரிவிப்பதேயாகும். சுத்தியல் வீழ்ந்தபின்னரே அஃது ஒப்பந்தம் ஆகும். அதற்கு முன்னர் எவரும் தம் சொல்லை மீட்டுக்கொள்ளலாம் என்பதே தீர்ப்பின் கருத்து.

கதை இவ்வளவே. ஆயின் வகுப்பு இங்கேதான் தொடங்குகிறது. ஏலமிடுவோர் எடைக்கு உறுதி கூறியிருப்பின் முடிவு மாறுமா? விலையைக் கடிதத்தில் எழுதி விடுத்தவர், கடிதம் சேருமுன் மனம் மாறினால் என் செய்வது? சொன்ன சொல்லை மீட்டல் முறையாயின், விற்பவரும் பொருளைத் திரும்பப் பெறலாமா? இங்ஙனம் வினா வினாவைப் பெற்று வளரும். ஒரு மாணவர் விடை கூறுவார்; மற்றொருவர் மறுப்பார்; மூன்றாமவர் இருவர் கூற்றிலும் பிழை காண்பார். விதியைச் சொல்லாது வினாவையே தொடுக்கும் இவ்வாசிரியரிடம் கற்பது யாது என்று சினந்து, தொடக்கத்தில் மாணவர் பலர் லாங்டெலின் வகுப்பினின்றும் விலகினர், சிலரே எஞ்சினர். அச் சிலருள் ஒருவராகிய ஜேம்ஸ் பார் ஏம்ஸ் என்பவரே 1895-ஆம் ஆண்டில் லாங்டெலுக்குப் பின் அக் கல்லூரித் தலைவரானார். நாளடைவில் அந் நாட்டுச் சட்டக் கல்லூரிகள் பெரும்பாலும் இம் முறையையே மேற்கொண்டன.

இம் முறையில் ஆசிரியர் எத்துணை இன்றியமையாதவரோ, அத்துணை இன்றியமையாதவர் உடன் பயிலும் மாணவர். தனித்திருந்து நூலைக் கற்கலாம். தனித்திருந்து வாதிட இயலாது. இவ்வுண்மை நம் தமிழ்நாட்டுப் பண்டை ஆசிரியர்க்கும் தெரிந்ததே. பவணந்தி முனிவர் தம் நன்னூலின் பாயிரப் பகுதியில் மாணவன் புலமை பெறும் வகையைக் கணக்கிட்டுக் காட்டுகிறார். ஆசிரியர் உரைத்ததைச் செம்மையாக உட்கொண்டாலும் காற்பங்கே கைவரும். உடன் பயில்வாரோடு கலந்து பயில்வதால் மற்றொரு காற்பங்கு வரும். தான் கற்றதைப் பிறர்க்கு எடுத்துரைக்கும்போதுதான் எஞ்சிய பாதி நிரம்பும் என்பது அவர் கணக்கு. உடன் பயில்வார் இல்லாதவன் கல்வியில் எவ்வளவு குறைவுபடும் என்பதை இக் கணக்கினின்றும் எளிதில் உணரலாம்.

அக் குறைவையே மக்களுள் ஒரு சாரார்மீது அமெரிக்க நாட்டு மாநிலங்கள் சில வலிந்து சுமத்தின.

அடிமை முறை ஒழிந்தபின், 1868-ஆம் ஆண்டில் அந் நாட்டு அரசியலமைப்புச் சட்டத்தில் பதினான்காம் திருத்தம் சேர்க்கப்பெற்றது. சட்டத்தின் சமமான காப்பை எம் மாநிலமும் எவர்க்கும் மறுத்தலாகாது என்பது அதன் ஒரு பகுதி. ஆயினும் தென் மாநிலங்களில் கறுப்பின மக்கள் புகைவண்டியிலும் பள்ளியிலும் வேறாகப் பிரித்து வைக்கப்பெற்றனர். லூயிசியானா மாநிலத்துப் புகைவண்டி ஒன்றுபற்றி எழுந்த வழக்கில், 1896-ஆம் ஆண்டில் உச்சநீதிமன்றம், இடம் தனியாயினும் வசதி சமமாயின் குற்றமில்லை என்று தீர்ப்பளித்துவிட்டது. நீதிபதி ஹார்லன் ஒருவரே அதனை மறுத்து எழுதினார். தனியிடம் தவறாது கிடைத்தது. சமமான வசதி ஒருநாளும் கிடைத்ததில்லை.

இவ்வநீதியைச் சட்டத்தைக் கொண்டே வெல்லத் துணிந்தவர் சார்லஸ் ஹாமில்ட்டன் ஹூஸ்டன். இவர் கறுப்பினத்தவர், 1895-ஆம் ஆண்டில் வாஷிங்டன் நகரில் பிறந்தவர். முதல் உலகப் போரில் படைத்தலைவருள் ஒருவராகப் பணிபுரிந்தபோது, தம் படையைச் சேர்ந்த வெள்ளையராலேயே இழிவுற்றார். போர் முடிந்ததும் ஹார்வர்டு சட்டக் கல்லூரியிற் சேர்ந்து, 1922-ஆம் ஆண்டில் சிறப்புடன் பட்டம் பெற்றார். அக் கல்லூரி மாணவர் நடத்தும் புகழ்பெற்ற சட்ட இதழின் ஆசிரியர் குழுவில் இடம்பெற்ற முதற் கறுப்பின மாணவர் இவரே. பின்னர் வாஷிங்டனில் கறுப்பின மக்களின் உயர்கல்விக்கென வளர்ந்த ஹோவர்டு பல்கலைக்கழகத்தில் ஆசிரியரானார். மாலை நேரத்தில் நடைபெற்றுவந்த அதன் சட்டக் கல்லூரியை முழுநேரக் கல்லூரியாக்கி, நாடு முழுதும் மதிக்கும் தகுதி பெறச் செய்தார். அவரிடம் பயின்று 1933-ஆம் ஆண்டில் வகுப்பின் முதல்வராகத் தேறியவர் தர்குட் மார்ஷல்.

ஆசிரியரும் மாணவரும் சேர்ந்து வகுத்த வழி கூரியது. நாடெங்கும் உள்ள பள்ளிகளை ஒருங்கே எதிர்த்து வழக்காடாமல், முதற்கண் பல்கலைக்கழகச் சட்டக் கல்லூரிகளையே அவர்கள் எடுத்துக்கொண்டனர். தொடக்கப் பள்ளி ஒன்றில் உள்ள குறை நீதிபதிக்குப் புலப்படாமற் போகலாம். சட்டக் கல்லூரி ஒன்றில் உள்ள குறையை அறியாத நீதிபதி உண்டோ? மேரிலாந்து மாநிலத்துச் சட்டக் கல்லூரியின் கதவு 1935-ஆம் ஆண்டில் திறந்தது. மிசௌரி மாநிலமோ, கறுப்பின மாணவர் வேறு மாநிலம் சென்று பயிலட்டும், செலவைத் தருகிறோம் என்றது. அஃது ஏலாது என்று 1938-ஆம் ஆண்டில் உச்சநீதிமன்றம் கூறிற்று. ஆயின் அவ் வழக்கில் வென்ற லாயிட் கெய்ன்ஸ் என்னும் இளைஞர் அடுத்த ஆண்டிலேயே சிக்காகோ நகரில் காணாமற் போனார். அவர் என்னவானார் என்பது இன்றளவும் தெரியவில்லை.

இனி, இவ்வரிசையில் தலைசிறந்த வழக்கிற்கு வருவோம். டெக்சாஸ் மாநிலத்துப் பெருநகரங்களுள் ஒன்று ஹூஸ்டன். (மேலே கூறிய ஆசிரியர் பெயரும் இந் நகரின் பெயரும் ஒன்றாயினும் இரண்டுக்கும் தொடர்பில்லை.) அந் நகரில் தபால்காரராகப் பணியாற்றிவந்தவர் ஹீமன் மேரியன் சுவெட். இவர் 1912-ஆம் ஆண்டில் பிறந்தவர். கல்லூரிப் பட்டமும் பெற்றவர். தபால் நிலையத்தில் மேற்பார்வையாளர் ஆகவேண்டுமாயின் எழுத்தராகச் சில ஆண்டுகள் பணிபுரிந்திருத்தல் வேண்டும் என்பது விதி. கறுப்பினத்தவர்க்கு எழுத்தர் பணியே கொடுப்பதில்லை என்பது வழக்கம். விதியில் குற்றம் இல்லை. வழக்கத்தில் ஒளிந்திருந்தது குற்றம். இதனை எதிர்த்துத் தம் தோழர்க்காக ஆவணங்களைத் திரட்டியபோதுதான் சுவெட்டுக்குச் சட்டத்தின்மீது நாட்டம் பிறந்தது.

ஆஸ்டின் நகரிலுள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகச் சட்டக் கல்லூரியிற் சேர, 1946-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் அவர் விண்ணப்பித்தார். கறுப்பின மாணவர் கற்பதற்கு அம் மாநிலத்தில் அன்று வேறு சட்டக் கல்லூரி இல்லை. பல்கலைக்கழகத் தலைவர் தியோபிலஸ் பெயின்ட்டர், உயிரணுக்களை ஆராய்ந்து உலகப் புகழ் பெற்ற விஞ்ஞானி. மனித உடலின் அணுவில் உள்ள நிறக்கோல்கள் 48 என்று அவர் எண்ணிச் சொன்னதையே உலகம் பல்லாண்டு நம்பிவந்தது. அவை 46 என்பது 1956-ஆம் ஆண்டில்தான் தெரிந்தது. விண்ணப்பதாரரிடம் வேறு தகுதிக் குறைவு யாதும் காணப்படவில்லை. அவர் கறுப்பினத்தவர் என்பது ஒன்றே இடம் மறுக்கக் காரணமாயிற்று. அவ்வாண்டு மே மாதம் சுவெட் வழக்குத் தொடுத்தார்.

மறுத்தது சட்டத்துக்கு முரண் என்பதை ஆஸ்டின் நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. ஒப்புக்கொண்டும் மாணவரைச் சேர்க்குமாறு ஆணையிடவில்லை. சமமான வேறொரு கல்லூரியை அமைக்க ஆறு மாத காலம் தந்தது! நோயாளிக்கு மருந்து தராமல், மருந்து செய்யப் புறப்பட்டவர்க்குத் தவணை தந்தது போன்ற தீர்ப்பு இது. மாநில அரசு விரைந்தது. சட்டமன்ற மாளிகைக்கு அருகே ஒரு கட்டடத்தின் அடித்தளத்தில் சில அறைகளை வாடகைக்குப் பிடித்தது. பல்கலைக்கழக ஆசிரியர் நால்வர் அங்கு வந்து கற்பித்து மீள்வர் என்று ஏற்பாடாயிற்று. அக் கல்லூரிக்கென நூலகர் இலர்; 10,000 நூல்கள் வேண்டும் என்று எழுதியிருந்தார்கள்; வந்து சேர்ந்தவை மிகச் சில. 1947-ஆம் ஆண்டில் இக் கல்லூரி சுவெட்டை வரவேற்றது. அவர் செல்ல மறுத்தார்.

இம் மறுப்பு எளிதன்று. பிடிவாதம் என்று பலர் இகழ்ந்திருப்பர். ஆசிரியரோ பல்கலைக்கழகத்து ஆசிரியரே. பாடமும் அதே பாடம். மாணவர் குறைந்தால் ஆசிரியரின் கவனமும் மிகும் அன்றோ என்று வினவுவாரும் உண்டு. அவ் வினாவுக்கு விடை கூறுவதே வழக்கின் உயிர்நிலை ஆயிற்று. 1947-ஆம் ஆண்டு மே மாதம் ஆஸ்டினில் விசாரணை மீண்டும் நடைபெற்றபோது மார்ஷல் வெறும் கட்டடக் குறைகளோடு நின்றுவிடவில்லை. பென்சில்வேனியப் பல்கலைக்கழகச் சட்டக் கல்லூரித் தலைவர் ஏர்ல் ஹாரிசனைச் சாட்சியாக அழைத்தார். சிக்காகோப் பல்கலைக்கழகத்து மானிடவியல் அறிஞர் ராபர்ட் ரெட்ஃபீல்டையும் அழைத்தார். வகுப்பில் பலவகை மாணவர் கூடி வாதிடாத இடத்தில் சட்டக் கல்வி நிரம்பாது என்பதையும், பிரித்து வைத்தல் பிரிக்கப்பட்ட இருதிறத்தார்க்குமே கேடு என்பதையும் இவர்களைக் கொண்டு நிலைநாட்ட முயன்றார். பல்கலைக்கழகத்து வெள்ளை மாணவருள்ளும் சுவெட்டுக்கு ஆதரவாகக் குரல் எழுப்பினவர் பலர். மாநில நீதிமன்றங்கள் அசையவில்லை. வழக்கு உச்சநீதிமன்றம் சென்றது.

அங்கு 1950-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் வாதம் நிகழ்ந்தது. அதற்குள் டெக்சாஸ் அரசு, கறுப்பின மக்களுக்கென ஹூஸ்டன் நகரில் ஒரு பல்கலைக்கழகத்தையே தொடங்கி, அடித்தளக் கல்லூரியை அங்கே மாற்றிவிட்டது. ஆகவே நீதிபதிகள்முன் இரு கல்லூரிகளின் கணக்கு நின்றது. பழைய கல்லூரியில் முழுநேர ஆசிரியர் 16 பேர். மாணவர் 850 பேர். நூல்கள் 65,000-க்கு மேல். புதிய கல்லூரியில் ஆசிரியர் 5 பேர். மாணவர் 23 பேர். நூல்கள் ஏறக்குறைய 16,500. அங்குப் பயின்று வழக்கறிஞரானவர் ஒரே ஒருவர்.

அவ்வாண்டு ஜூன் மாதம் 5-ஆம் நாள் தலைமை நீதிபதி வின்சன் தீர்ப்பைப் படித்தார். நீதிபதிகள் அனைவரும் ஒருமனப்பட்டிருந்தனர். எண்களைப் பார்த்தாலே இரண்டும் சமம் அல்ல என்பது விளங்கும். எனினும் தீர்ப்பு எண்களோடு நிற்கவில்லை. ஒரு சட்டக் கல்லூரியைப் பெருங் கல்லூரி ஆக்கும் பண்புகள் அளவுகோலுக்கு அகப்படாதவை என்று அது கூறிற்று. ஆசிரியரின் புகழ், நிர்வாகத்தின் பட்டறிவு, பயின்று வெளியேறியோரின் செல்வாக்கு, ஊரார் மதிப்பு, வழிவழி வந்த பெருமை ஆகியவற்றை அறையையும் அலமாரியையும் எண்ணுவது போல எண்ண இயலுமோ? இதனினும் நுண்ணியதொரு கருத்தையும் நீதிபதிகள் எடுத்துக்காட்டினர். சட்டம் மக்களிடையே வழங்குவது. புதிய கல்லூரி, மாநில மக்களுள் 100-க்கு 85 பேரை ஒதுக்கிவிட்டது. சுவெட் வழக்கறிஞரானபின் எவர்முன் வாதிடுவாரோ அந்த நீதிபதிகளும், எவரோடு எதிர்வாதம் செய்வாரோ அந்த வழக்கறிஞரும், எவரை விசாரிப்பாரோ அந்தச் சாட்சிகளும் பெரும்பாலும் அவ் 85 பேருள் அடங்குவர். அவர்களை அறியாத இடத்தில் கற்ற சட்டம் எங்ஙனம் நிறைவுறும்? ஆதலின் அவரைப் பல்கலைக்கழகச் சட்டக் கல்லூரியிலேயே சேர்த்தல் வேண்டும் என்று தீர்ப்பாயிற்று.

அதே நாளில் வேறொரு தீர்ப்பும் வந்தது. ஓக்லஹோமாப் பல்கலைக்கழகம் ஜார்ஜ் மக்லாரின் என்னும் முதிய கறுப்பின மாணவரைச் சேர்த்துக்கொண்டு, வகுப்பறைக்கு அடுத்த சிற்றறையில் அமர்ந்து பாடம் கேட்கச் செய்தது. நூலகத்திலும் உணவகத்திலும் அவர்க்குத் தனி மேசை போட்டது. உடன் பயில்வாரோடு கலந்து பேசவும் கருத்தைப் பரிமாறவும் தடையாக நிற்கும் இவ்வேலிகள் கல்வியையே குறைவுபடுத்துவன என்று உச்சநீதிமன்றம் அவற்றை நீக்கியது. ஏட்டளவில் சேர்த்துவிட்டு இருக்கையளவில் விலக்குவது எவ்வளவு நுட்பமான கொடுமை!

ஆயினும் 1896-ஆம் ஆண்டுத் தீர்ப்பு தவறு என்று அன்று உச்சநீதிமன்றம் வாய்திறந்து கூறவில்லை. அவ்வளவு தூரம் செல்லத் தேவையில்லை என்று நிறுத்திக்கொண்டது. பொதுப் பள்ளிகளில் தனித்து வைத்தலே சமமின்மை என்னும் தீர்ப்பு 1954-ஆம் ஆண்டு மே மாதம் வந்தது. அவ் வழக்கிலும் வாதாடியவர் மார்ஷலே. பின்னர், 1967-ஆம் ஆண்டில் அவர் உச்சநீதிமன்றத்தின் முதற் கறுப்பின நீதிபதியாக அமர்ந்தார். அவர்தம் ஆசிரியர் சார்லஸ் ஹூஸ்டன் இவற்றுள் எதனையும் காணவில்லை. சுவெட் வழக்கின் தீர்ப்புக்கு ஆறு வாரங்கட்கு முன்னர், 1950-ஆம் ஆண்டு ஏப்ரல் 22-ஆம் நாள் அவர் இறந்துவிட்டார்.

சுவெட் 1950-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில், முப்பத்தேழாம் வயதில், தாம் கேட்ட இடத்தில் அமர்ந்தார். வேறு சில கறுப்பின மாணவரும் அவருடன் சேர்ந்தனர். நான்காண்டுப் போராட்டம் அவர் உடலையும் உள்ளத்தையும் அரித்திருந்தது. வயிற்றுப் புண்ணும் குடல்வால் நோயும் வருத்தின, வாரக்கணக்கில் வகுப்புக்கு வர இயலவில்லை, இல்வாழ்வும் முறிந்தது. 1952-ஆம் ஆண்டில் பட்டம் பெறாமலே கல்லூரியை விட்டு நீங்கினார். அவரைத் தோற்றவர் என்று சொல்லுவார் உளராயின், அவர் எதற்காக வழக்காடினார் என்பதை அறியாதவர் ஆவர். அடுத்த ஆண்டிலேயே வர்ஜில் லாட் என்பவர் அக் கல்லூரியில் பட்டம் பெற்றார்; அங்குப் பட்டம் பெற்ற முதற் கறுப்பினத்தவர் அவரே.

சுவெட் அட்லாண்டா நகரம் சென்று சமூகப் பணிக் கல்வி பயின்று, 1954-ஆம் ஆண்டில் பட்டம் பெற்றார். கறுப்பின மக்கள் நலம் நாடும் சங்கங்களிற் பல்லாண்டு பணிபுரிந்து, 1982-ஆம் ஆண்டில் மறைந்தார். அரசியலமைப்புச் சட்டம் பயிலும் அமெரிக்க மாணவர் கையிலுள்ள வழக்குத் தொகுப்புகளில் அவர் வழக்கும் இடம்பெற்றுள்ளது. அவரை விலக்கி வைப்பதற்கென்றே ஹூஸ்டன் நகரில் எழுந்த சட்டக் கல்லூரி இன்று எல்லா இனத்தார்க்கும் பொதுவாய், தர்குட் மார்ஷலின் பெயர் தாங்கி நிற்கிறது. அவ் வழக்கு முதன்முதல் தொடுக்கப்பெற்ற ஆஸ்டின் நகரத்து நீதிமன்றக் கட்டடத்துக்கு 2005-ஆம் ஆண்டில் ஹீமன் மேரியன் சுவெட்டின் பெயர் சூட்டப்பெற்றது.